குதிரைக்குப் புழு மருந்து: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

குதிரை லத்தியை நுண்ணோக்கியில் வைத்துப் புழு முட்டை எண்ணுவதுதான் பல வருடமாக என் வேலை. மாதிரி கொண்டு வருகிறவர்கள் முடிவுக்காகக் காத்திருக்கும்போது கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை எழுதி, நான் சொல்லும் பதில்களை இங்கே சேர்த்திருக்கிறேன். உங்கள் குதிரையை நேரில் பார்க்கும் கால்நடை மருத்துவர் இதிலிருந்து வேறுபட்டு ஏதாவது சொன்னால், அவர் சொல்வதையே கேளுங்கள்.

குதிரை நல்லா பளபளன்னு இருக்கு. அதுக்கு வயித்துல புழு இருக்குமா என்ன?

இருக்கும். புல் மேயும் குதிரை எதுவானாலும் அதன் குடலில் கொஞ்சம் புழு இருக்கத்தான் செய்யும். ஆரோக்கியமான பெரிய குதிரை ஆயிரக்கணக்கான சிறு புழுக்களைச் சுமந்துகொண்டே எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழ முடியும். புழு அளவு மீறும்போது, அல்லது குதிரை குட்டியாகவோ கிழடாகவோ நோயாளியாகவோ இருக்கும்போதுதான் சிக்கல்.

அதனால் புழுவை ஒன்று விடாமல் ஒழிப்பதை நம் இலக்காக வைக்க முடியாது. நோய் வராத அளவுக்குக் கட்டுக்குள் வைக்க வேண்டும், கையில் இருக்கும் மருந்துகள் இன்னும் பல வருடம் வேலை செய்யும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். கீழே வரும் பதில்கள் எல்லாமே இந்த இரண்டையும் ஒட்டித்தான் இருக்கும்.

எத்தனையோ புழு சொல்றாங்க. உண்மையில எதுக்குப் பயப்படணும்?

வளர்ந்த குதிரைக்குச் சிறிய ஸ்ட்ராங்கைல் புழுக்கள்தான் முதல் கவலை. முடி போல மெலிந்தவை, பெரும்பாலானவை ஒன்று ஒன்றரை சென்டிமீட்டர் நீளத்துக்குள்தான். இவற்றின் இளம்புழுக்கள் பெருங்குடல் சுவருக்குள் புகுந்து, உறை போட்டுக்கொண்டு மாதக்கணக்கில், சில சமயம் இரண்டு வருடத்துக்கு மேலும் தூங்கும். அவை லட்சக்கணக்கில் ஒரே நேரத்தில் சுவரைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தால் கடும் பேதி, திடீர் மெலிவு, வயிற்றுக்கடியில் நீர்வீக்கம் என்று குதிரை சரிந்துவிடும். அந்த நிலைக்குப் போன குதிரைகளில் பாதி வரை சிகிச்சை கொடுத்தும் பிழைப்பதில்லை.

பெரிய ஸ்ட்ராங்கைல் இப்போது குறைவு, ஆனால் மோசமானது. அதன் இளம்புழு குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிக்குள் ஏறிப் போய்ச் சுவரைப் புண்ணாக்கும். அங்கே ரத்தம் உறைந்து, குடலின் ஒரு பகுதிக்கு ரத்த ஓட்டம் நின்றுவிடும். அப்புறம் நாடாப்புழு. சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு கோலிக் எனப்படும் வயிற்றுவலிக்குக் காரணமாகும். குட்டிகளுக்கு உருண்டைப்புழுதான் எமன். அதற்குக் கீழே தனிக் கேள்வி இருக்கிறது. பாட் ஈயின் புழு இரைப்பைச் சுவரில் கொக்கி போட்டுத் தொங்கும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் பெரிய கெடுதல் செய்வதில்லை.

ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை எல்லாக் குதிரைக்கும் கொடுத்துட்டா கவலை இல்லைன்னு அப்பா காலத்துல இருந்து செய்றோம். அதுல என்ன தப்பு?

அந்த முறை வந்த காலத்தில் அது சரிதான். 1966-ல் அமெரிக்காவின் கென்டக்கியில் ட்ரட்ஜ், லயன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதைப் பரிந்துரைத்தார்கள். அன்று குதிரைகளைக் கொன்றுகொண்டிருந்தது பெரிய ஸ்ட்ராங்கைல். லத்தியில் அதன் முட்டை தெரிய ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். அதற்குள் விடாமல் மருந்து கொடுத்ததால் அந்தப் புழு ஏறக்குறைய அடங்கிவிட்டது. பெரிய வெற்றி அது.

ஆனால் காலண்டரைப் பார்த்து எல்லாக் குதிரைக்கும் கொடுத்துக்கொண்டே போனதில் சிறிய ஸ்ட்ராங்கைல் மருந்துக்குப் பழகிவிட்டது. ஒவ்வொரு முறையும் மருந்துக்குச் சாகிற புழு போய், சாகாத புழு மட்டும் மிஞ்சி முட்டையிட்டது. பென்பெண்டசோல் போன்ற மருந்துகள் சிறிய ஸ்ட்ராங்கைலிடம் இன்று உலகின் பெரும்பாலான இடங்களில் எடுபடுவதில்லை. பைரன்டெலும் பல இடங்களில் தோற்றுவிட்டது. எந்தக் குதிரைக்குத் தேவை என்று எண்ணிப் பார்த்துக் கொடுங்கள் என்று நான் கெஞ்சாத குறையாகச் சொல்வது இதனால்தான்.

லத்தியில முட்டை எண்றதுன்னா எப்படி? நாங்க என்ன கொண்டு வரணும்?

தரையில் விழுந்த புது லத்தியில் இரண்டு மூன்று உருண்டை போதும். மண் ஒட்டாத பகுதியை எடுத்து, பிளாஸ்டிக் பையில் காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டி, குதிரையின் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். உடனே கொண்டு வர முடியாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். உறைய விடாதீர்கள். வெயிலில் காரின் பின் சீட்டில் அரை நாள் கிடந்த பை எனக்குப் பிரயோஜனப்படாது. முட்டை பொரிந்து புழுவாகிவிட்டால் எண்ண ஒன்றும் இருக்காது.

நான் செய்வது இதுதான். 4 கிராம் லத்தியை எடை போட்டு, 56 மில்லி கெட்டியான உப்புக் கரைசலில் கலக்கி வடிகட்டுவேன். கரைசல் கனமானது என்பதால் முட்டைகள் மேலே மிதக்கும். அதைக் கோடு போட்ட மெக்மாஸ்டர் கண்ணாடியில் விட்டு, சில நிமிடம் கழித்துக் கட்டத்துக்குள் தெரிகிறவற்றை எண்ணுவேன். ஸ்ட்ராங்கைல் முட்டை நீள்வட்டமாக, மெல்லிய ஓட்டுக்குள் திராட்சைக்கொத்து மாதிரி இருக்கும். உருண்டைப்புழுவின் முட்டை வட்டமாக, தடித்த பழுப்பு ஓட்டோடு இருக்கும். ஒருமுறை பார்த்தால் மறக்காது. இந்த அளவில் நான் பார்க்கும் ஒரு முட்டை, கிராமுக்கு 50 முட்டைக்குச் சமம்.

எவ்வளவு வந்தா மருந்து கொடுக்கணும்?

பொதுவாக வளர்ந்த குதிரைக்குக் கிராமுக்கு 200 முட்டைக்குக் கீழே இருந்தால் குறைவு, 200 முதல் 500 வரை நடுத்தரம், 500-க்கு மேல் அதிகம். குறைவாகக் காட்டும் குதிரைக்கு வருடத்துக்கு ஒன்று அல்லது இரண்டு தடவை மருந்து போதும். அதிகம் காட்டும் குதிரைக்குக் கூடுதலாகத் தேவைப்படும்.

ஒரே மேய்ச்சலில் நிற்கும் பத்து வளர்ந்த குதிரைகளை எடுத்துக்கொண்டால், ஏறக்குறைய இரண்டு மூன்று குதிரைகள்தான் மொத்த முட்டையில் 80 சதவீதத்தைப் போடுகின்றன. அதிகம் போடும் குதிரை அடுத்த வருடமும் பெரும்பாலும் அதிகம்தான் போடும், குறைவாகப் போடுவது குறைவாகவே போடும். அது அந்தந்தக் குதிரையின் எதிர்ப்புச் சக்தி. ஆகவே இரண்டு மூன்று தடவை எண்ணிப் பார்த்தாலே உங்கள் கூட்டத்தில் யார் நிலத்தை அழுக்காக்குகிறார்கள் என்று தெரிந்துவிடும். அது தெரிந்த பிறகு மற்ற ஏழெட்டுக் குதிரைக்கும் மருந்தைக் கொட்டிக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

முட்டை ஒண்ணுமே இல்லைன்னு சொன்னீங்க. அப்போ என் குதிரைக்குப் புழுவே இல்லைதானே?

இல்லை. இந்தப் பரிசோதனையில் நாம் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடிய இடம் இதுதான். நான் எண்ணுவது முட்டையை, புழுவை அல்ல. குடல் சுவரில் தூங்கும் இளம்புழு முட்டையிடாது. லட்சம் இளம்புழு உள்ளே இருந்தாலும் என் கண்ணாடியில் பூஜ்யம் வரலாம். நாடாப்புழு முட்டையைக் கட்டுகட்டாக எப்போதாவதுதான் விடும், அதனால் பெரும்பாலும் தப்பிவிடும். அதற்கு எச்சில் அல்லது ரத்தத்தில் பார்க்கும் தனிப் பரிசோதனை உண்டு. ஊசிப்புழு முட்டையை லத்தியில் போடுவதே இல்லை. பாட் ஈயும் இதில் தெரியாது.

குதிரை மெலிகிறது, பேதியாகிறது, ஆனால் எண்ணிக்கை பூஜ்யம் என்றால் என் காகிதத்தை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். மருத்துவரைக் கூப்பிடுங்கள். அதனால்தான் எண்ணிக்கை குறைந்த குதிரைக்கும் வருடத்துக்கு ஒரு தடவையாவது மருந்து தேவை என்று மேலே சொன்னேன்.

எந்த மருந்து எதுக்கு? கடையில பத்துப் பேர்ல பத்து டப்பா இருக்கு.

பெட்டியின் பெரிய எழுத்தை விட்டுவிட்டு, சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள். டப்பா பத்து இருந்தாலும் உள்ளே இருப்பது மூன்றே குடும்பம், கூடவே நாடாப்புழு மருந்து ஒன்று.

பென்பெண்டசோல் ஒரு குடும்பம். குட்டிகளின் உருண்டைப்புழுவுக்குப் பல இடங்களில் இன்னும் நல்ல மருந்து. பைரன்டெல் இரண்டாவது. உருண்டைப்புழுவுக்கும் ஸ்ட்ராங்கைலுக்கும் தருவார்கள், இரட்டை அளவில் கொடுத்தால் நாடாப்புழுவுக்கும் கேட்கும். ஐவர்மெக்டினும் மாக்ஸிடெக்டினும் மூன்றாவது குடும்பம். இரண்டும் ஸ்ட்ராங்கைல், பாட் ஈ இரண்டுக்கும் வேலை செய்யும். குடல் சுவருக்குள் தூங்கும் இளம்புழுவை எட்டுவதில் மாக்ஸிடெக்டினே மேல், அதை மேய்ச்சல் பருவம் முடியும் சமயத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது. நாடாப்புழுவுக்குப் பிராசிகுவான்டெல். பெரும்பாலும் ஐவர்மெக்டினோடு சேர்த்தே வரும்.

மாக்ஸிடெக்டினில் ஒரு எச்சரிக்கை. அது கொழுப்பில் தங்கும் மருந்து. எலும்பு தெரிய மெலிந்த குதிரைக்கும் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கும் அளவு சிறிது கூடினாலும் தள்ளாட்டம், மயக்கம் வரலாம். அவற்றுக்குக் கொடுக்காதீர்கள். பேஸ்ட் மருந்து வரும் குழாயில் அளவைப் பூட்டும் வளையம் இறுகியிருக்கிறதா என்று பார்க்காமல் வாயில் வைக்கவும் வேண்டாம். பூட்டாத குழாயை அழுத்தினால் முழு டோஸும் போய்விடும்.

பேரு மாத்தி மாத்தி கொடுத்தா புழு மருந்துக்குப் பழகாதுன்னு சொல்றாங்களே?

பலர் நம்புகிறார்கள், ஆனால் அப்படி நடக்கவில்லை. முதலில், பெயர் மாறினாலும் உள்ளே இருப்பது ஒரே குடும்பமாக இருக்கலாம். ஐவர்மெக்டின் தீர்ந்து மாக்ஸிடெக்டின் கொடுத்தால் அது மாற்றமே அல்ல. இரண்டாவது, ஏற்கெனவே தோற்றுப்போன மருந்தைச் சுழற்சியில் சேர்ப்பதால் அந்தச் சுற்று முழுவதும் குதிரை மருந்தே வாங்காத மாதிரிதான், நாம் மட்டும் கொடுத்துவிட்டதாக நிம்மதியாக இருப்போம்.

அப்போ கொடுத்த மருந்து வேலை செஞ்சுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

கொடுக்கும் நாளில் ஒரு மாதிரி, 14 நாள் கழித்து அதே குதிரையின் இன்னொரு மாதிரி. இரண்டையும் எண்ணி ஒப்பிட வேண்டும். முன்பு 600, பின்பு 150 என்றால் எண்ணிக்கை 75 சதவீதம் குறைந்திருக்கிறது. பென்பெண்டசோல் என்றால் குறைந்தது 90 சதவீதமாவது குறைய வேண்டும், அப்படியானால் இங்கே மருந்து தோற்றுவிட்டது. ஐவர்மெக்டின், மாக்ஸிடெக்டின் என்றால் நூற்றுக்கு நூறை ஒட்டியே வர வேண்டும், 95-க்குக் கீழே போனால் அது அபாய மணி. ஒரு குதிரையை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. குறைந்தது ஐந்தாறு குதிரையாவது வேண்டும், தொடக்க எண்ணிக்கை சொற்பமாக இருந்த குதிரையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இன்னொரு அறிகுறியும் உண்டு. ஐவர்மெக்டின் கொடுத்தால் 6 முதல் 8 வாரம் வரை முட்டை தலைகாட்டாமல் இருந்தது ஒரு காலம். இப்போது பல லாயங்களில் நாலு ஐந்து வாரத்திலேயே திரும்பி வருகிறது. புழு மருந்தை எதிர்க்கத் தொடங்குவதற்கு முன்னோட்டம் அது.

எடைமேடை இல்லை. கண்ணால பார்த்தே குதிரை எடை தெரியும் எனக்கு. போதாதா?

போதாது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு பழுப்புப் பெட்டைக் குதிரை 350 கிலோ இருக்கும் என்று அடித்துச் சொன்னேன், அதற்கேற்ப மருந்தும் கொடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து எண்ணிக்கை சரியாகக் குறையவில்லை. நாடாவைச் சுற்றிப் பார்த்தால் 430 வந்தது. அந்தக் குதிரைக்கு அரைகுறை டோஸ் கொடுக்கக் காரணம் என் கண் மதிப்பு. அரைகுறை டோஸ் புழுவுக்குப் பயிற்சி கொடுத்த மாதிரி.

தையல் நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி ஒரு அளவு, தோள் முனையிலிருந்து பிட்டத்தின் முனை வரை நீளம் ஒரு அளவு, இரண்டும் சென்டிமீட்டரில். மார்புச் சுற்றளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுங்கள். சுற்றளவு 160, நீளம் 140 என்றால் ஏறக்குறைய 302 கிலோ. பேஸ்ட் குழாயை அந்த எடைக்கு அல்லது ஒரு கோடு மேலே வையுங்கள். வாயில் புல் இருந்தால் உருண்டையாகத் துப்பிவிடும், முதலில் வாயைக் காலியாக்கி நாக்கின் அடிப்பகுதியில் தள்ளுங்கள்.

எல்லாக் குதிரைக்கும் ஒரே நாள்ல மருந்து கொடுத்து, உடனே சுத்தமான மேய்ச்சலுக்கு மாத்தினா பிரச்சினையே முடிஞ்சிடும்ல?

கேட்க அறிவாளித்தனமாக இருக்கிறது, பல வருடம் இதையே புத்தகங்களும் சொல்லின. ஆனால் யோசியுங்கள். மருந்துக்குத் தப்பிய சில புழுக்கள் மட்டும் குதிரையோடு புது நிலத்துக்குப் போகின்றன. அங்கே வேறு புழுவே இல்லை. இனி அந்த நிலம் முழுவதும் அந்தத் தப்பிய கூட்டத்தின் பிள்ளைகள்தான்.

மருந்து படாத சாதாரணப் புழுக்கள் கொஞ்சம் நிலத்திலும், முட்டை குறைவாகப் போடும் குதிரைகளின் வயிற்றிலும் இருக்க வேண்டும். அவை கலந்தால்தான் எதிர்ப்புள்ள புழு சிறுபான்மையாகவே இருக்கும். எண்ணிக்கை குறைந்த குதிரையை விட்டுவைக்கச் சொல்வதில் இந்த நன்மையும் அடக்கம்.

குட்டி பிறந்து எத்தனை நாள்ல ஆரம்பிக்கணும்?

இரண்டு மூன்று மாதத்தில் முதல் மருந்து, உருண்டைப்புழுவுக்கு. இதற்கு ஐவர்மெக்டின் வேண்டாம், பல நாடுகளில் உருண்டைப்புழு அதை எதிர்க்கிறது. பென்பெண்டசோல் குடும்பமே பெரும்பாலும் சரி. அடுத்து பால் மறக்கடிக்கும் சமயத்தில், நான்கு முதல் ஆறு மாதத்துக்குள். அப்போது எண்ணிப் பார்த்தால் உருண்டைப்புழுவா ஸ்ட்ராங்கைலா என்று தெரியும், மருந்தை அதற்கேற்ப எடுக்கலாம். பிறகு ஒன்பதாம் மாதமும் ஒரு வயதிலும் ஸ்ட்ராங்கைலைக் குறிவைத்து, நாடாப்புழு மருந்தும் சேர்த்து. மேலே வளர்ந்த குதிரைக்குச் சொன்ன 200, 500 கணக்கு குட்டிக்குப் பொருந்தாது.

ஒரு அடிக்கு மேல் நீளமுள்ள வெள்ளைப் புழு லத்தியில் தொங்குவதைப் பார்த்துப் பயந்து போன் செய்கிறவர்கள் அதிகம். அது உருண்டைப்புழு. அதன் முட்டை பசை மாதிரி ஒட்டும், மண்ணில் வருடக்கணக்கில் கெடாமல் கிடக்கும். குட்டியை வளர்க்கும் அறையின் சுவர், தண்ணீர்த் தொட்டி, தாயின் மடி எல்லாவற்றையும் கழுவுங்கள். ஒவ்வொரு வருடமும் அதே மூலையில் குட்டிகளை விடாதீர்கள்.

மருந்து கொடுத்த மறுநாளே குட்டிக்கு வயித்து வலி வந்துடுச்சு. மருந்துதான் காரணமா?

இருக்கலாம். குடல் நிறைய உருண்டைப்புழு இருக்கும்போது, அவற்றை ஒரே அடியில் செயலிழக்கச் செய்யும் மருந்து (பைரன்டெல், ஐவர்மெக்டின்) கொடுத்தால், செத்த புழுக்கள் கயிறு போலச் சுருண்டு சிறுகுடலை அடைத்துவிடும். குட்டி உருளுகிறது, வியர்க்கிறது, வயிறு உப்புகிறது என்றால் ஒரு மணி நேரம் கூடக் காத்திருக்க வேண்டாம், இது அறுவை சிகிச்சை வரை போகும் அவசரம். வயிறு பெருத்து, முடி சொரசொரப்பாக, இதுவரை மருந்தே வாங்காத குட்டி உங்களிடம் வந்தால், எந்த மருந்து என்பதை மருத்துவரிடம் முடிவு செய்யுங்கள்.

சினையா இருக்கு. கொடுக்கலாமா?

ஐவர்மெக்டின், பென்பெண்டசோல், பைரன்டெல் மூன்றும் சினைக் குதிரைக்குப் பரவலாகக் கொடுக்கப்படுகின்றன. ஆனாலும் பெட்டியில் சினைக் குதிரைக்கு என்று குறிப்பிட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். குட்டி ஈனும் சமயத்தில் ஐவர்மெக்டின் கொடுத்தால், தாய்ப்பால் வழியாகக் குட்டிக்குப் போகும் நூல்புழுவும் குறையும்.

வாலைத் தூண்ல தேய்ச்சுத் தேய்ச்சு முடியெல்லாம் போச்சு. புழுவா?

ஊசிப்புழுவாக இருக்கலாம். பெண்புழு இரவில் ஆசனவாய்க்கு வெளியே வந்து, சுற்றிலும் மஞ்சள் கலந்த வெள்ளைப் பசையாக முட்டை ஒட்டிவிட்டுப் போகும். அந்தப் பசை காய்ந்து அரிக்கும். லத்திப் பரிசோதனையில் வராது என்று மேலே சொன்னேன். ஒட்டும் செல்லோ டேப்பைக் காலையில் அந்த இடத்தில் அழுத்தி எடுத்துக் கொண்டு வாருங்கள், அதில் பார்த்துவிடலாம். மருந்தோடு, வாலின் அடியை ஈரத்துணியால் தினமும் துடைத்து அந்தத் துணியை எறிந்துவிடுங்கள். தூண், கதவு, தீவனத் தொட்டி எல்லாம் கழுவ வேண்டும். பேன், பூச்சிக்கடி ஒவ்வாமையும் இதே மாதிரிதான் தேய்க்க வைக்கும், ஆகவே டேப்பைப் பார்க்காமல் மருந்து கொடுக்காதீர்கள்.

மருந்து இல்லாம நிலத்துல என்ன செய்யலாம்?

லத்தி பொறுக்குங்கள். வாரத்துக்கு இரண்டு தடவையாவது. நான் சொல்கிறதிலேயே அதிகப் பலன் தருவதும் மிகக் குறைவான பேர் செய்வதும் இதுதான். முட்டை பொரிந்து, தொற்றும் பருவத்து இளம்புழுவாகி லத்தியை விட்டுப் புல்லில் ஏற, இதமான சூட்டிலும் ஈரத்திலும் ஒரு வாரத்துக்குள்ளேயே ஆகலாம். அதற்கு முன்னால் நாம் வாரிவிட்டால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். அந்த இளம்புழு எதையும் தின்னாது. உடம்பில் சேர்த்துவைத்த சக்தியில்தான் வாழ்கிறது. குளிரில் மெதுவாகச் செலவழித்து மாதக்கணக்கில் தாங்கும், காய்ந்த கடும் வெயிலில் சீக்கிரம் செத்துவிடும். அதனால் லத்தியைப் பரப்பிக் காயவிடுவதாக இருந்தால் கடும் வெயிலில் மட்டும், அதுவும் குதிரைகளை நிலத்திலிருந்து எடுத்துவிட்டு. ஈரக்காலத்தில் பரப்பினால் புழுவை நாமே விதைக்கிறோம்.

வாரிய லத்தியை நன்றாகச் சூடேறும்படி குவித்து மக்கவைத்த பிறகே நிலத்தில் போடுங்கள். ஆடு மாடு மேய விட்டாலும் பலன் உண்டு. குதிரைப் புழுவில் பெரும்பாலானவை அவற்றின் வயிற்றில் வளராமல் செத்துவிடும்.

புதுக் குதிரை வாங்கி வந்திருக்கேன். நேரா கூட்டத்தோட விடலாமா?

விடாதீர்கள். எங்கிருந்தோ எதிர்ப்புள்ள புழுவைக் கொண்டு வந்து உங்கள் நிலத்தில் இறக்கிவிட்டால் அதைத் திரும்ப எடுக்க முடியாது. தனி அறையில் வைத்து, முட்டை எண்ணி, மருந்து கொடுத்து, 14 நாள் கழித்து மறுபடி எண்ணுங்கள். குறைந்திருப்பது உறுதியானால் மேய்ச்சலுக்கு. அதுவரை விழும் லத்தியை நிலத்துப் பக்கம் போடக் கூடாது.

மாட்டுக்குப் போடற ஐவர்மெக்டின் ஊசி மலிவா கிடைக்குது. அதையே போட்டா என்ன?

வேண்டாம். ஊசியாகப் போட்ட இடத்தில் குதிரைக்குக் கடுமையான கிருமித் தொற்று வந்து உயிர்போன நிகழ்வுகள் உண்டு. மருந்து ஒன்றுதான் என்றாலும் தயாரிப்பு வேறு. குதிரைக்கென்று வரும் பேஸ்ட்டை வாயில் கொடுங்கள்.

பூண்டு, டயட்டமேசியஸ் மண் இதெல்லாம் கலந்து கொடுத்தா மருந்தே வேண்டாம்னு கேள்விப்பட்டேன்.

முட்டை எண்ணிக்கையை இவை குறைத்ததாக நம்பத்தக்க சான்று இல்லை. பூண்டு அளவு கூடினால் குதிரைக்கு ரத்தசோகையே வரலாம். ரசாயனம் இல்லாத வழி வேண்டும் என்றால் லத்தியில் வளர்ந்து இளம்புழுவைப் பிடித்துத் தின்னும் ஒரு பூஞ்சை இருக்கிறது, டட்டிங்டோனியா ஃப்ளாக்ரன்ஸ் என்று பெயர். அதன் வித்துகளைத் தீவனத்தில் தினமும் கலந்து கொடுப்பார்கள். அதுவும் குதிரை வயிற்றுக்குள் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது, லத்தியில் இருக்கும் இளம்புழுவைத்தான் குறைக்கும்.

கூடவே கழுதையும் மேயுது, நாயும் சுத்துது. அதுக்கு ஏதாவது பார்க்கணுமா?

பார்க்கணும். கழுதை நுரையீரல் புழுவை எந்த அறிகுறியும் இல்லாமல் சுமக்கும், அதே நிலத்தில் மேயும் குதிரைக்கு விடாத இருமலாக வரும். இருமும் குதிரையின் லத்தியில் அந்தப் புழு பெரும்பாலும் தெரியாது, கழுதையின் லத்தியையும் கொண்டு வாருங்கள்.

நாய் விஷயம் அவசரமானது. குதிரை துப்பிய பேஸ்ட்டையோ மருந்து கொடுத்த குதிரையின் லத்தியையோ நாய் தின்றால் ஐவர்மெக்டின், மாக்ஸிடெக்டின் விஷமாகலாம். கோலி வகை நாய்களில் பலவற்றுக்கு மருந்து மூளைக்குள் போவதைத் தடுக்கும் மரபணு பழுதாகியிருக்கும், அவை கொஞ்சத்துக்கே தள்ளாடி விழும். மருந்து கொடுக்கும் நாளும் அடுத்த சில நாளும் நாயைக் கட்டிப்போடுங்கள், தரையில் சிந்தியதைத் துடைத்துவிட்டு, காலிக் குழாயை மூடி போட்ட குப்பைத்தொட்டியில் போடுங்கள்.